நொறுக்கக் கூடாத குளிசையும் பரீதா மிஸ்ஸும்

செய்தி எனக்கு மீன் சந்தையில் வந்தது. பாரைக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் நஸீர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சேர், நம்மட பாமசி மிஸ் மௌத்தாப் போயிட்டா. இண்டைக்கு விடியத்தான்." ஊரில் யார் இறந்தாலும் முதலில் அறிந்து நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அன்று ஒருவருக்கும் சொல்லவில்லை. மீனையும் மறந்து கிண்ணியாப் பாலம் தாண்டிப் போனேன்.

நகர ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன் வரிசையில் நின்ற உங்களுக்குப் பரீதா மிஸ்ஸை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. "மருந்துக்கும் வாசல் இருக்கு. எந்த வாசலால போகவேணுமோ அதால விடுங்க" என்பார். நாக்குக்குக் கீழே வைக்கிற நெஞ்சுவலிக் குளிசையை விழுங்குகிறவர்கள், காதுத் துளியைக் கண்ணுக்கு விடப்போகிறவர்கள், பாணியைச் சோற்றுக் கரண்டியால் அளக்கிறவர்கள் என்று நாங்கள் எல்லா வகையினரும் அவருடைய பிள்ளைகள்.

ஒருநாள் புல்மோட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் கப்சூலைத் திருப்பி நீட்டினார். "பிளாஸ்டிக்க எப்படி மிஸ் விழுங்கிற? உடைச்சு, மாவைத் தேத்தண்ணியில கலந்திட்டு, மேல்கோதை எறிஞ்சிட்டன்." வரிசை சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது யாரென்று சொல்லவும் வேண்டுமா?

மிஸ் சிரிக்கவில்லை; சொந்த அண்ணனிடம் பேசுகிற மாதிரிச் சொன்னார்: "பிளாஸ்டிக் இல்ல காக்கா. வயித்துக்குள்ள போய்த் தானாக் கரையும். முழுசா விழுங்குங்க." பிறகு எங்கள் பக்கம் பார்த்தார். "சிரிக்கிறவங்க சிரிச்சு முடிஞ்சாத்தான் அடுத்த ஆளுக்கு மருந்து."

அதற்கடுத்த வருடம் அப்பாவுக்கு இலேசாகப் பாரிசவாதம் வந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுசன். அதற்குப் பிறகு ஒரு குளிசை விழுங்கவும் சிரமப்பட்டார். அவருடைய பிரஷர் குளிசைகளை வாங்க நான்தான் போனேன். மிஸ் ஜன்னலுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். நான் பின்னால் நின்றவருக்கு அவர் வீட்டு ஒழுங்கையில் ஒரு சோடி ஓடிப்போய்ச் செய்த கலியாணத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"சேர், கேக்குதா? இதை முழுசாக் குடுக்கவேணும்."

"ஓம் மிஸ், ஓம்."

கடதாசி உறையிலும் எழுதித்தான் தந்திருந்தார். நான் வீட்டுக்கு வந்ததும் உறையை எறிந்துவிட்டு, குளிசைகளை ஜாம் போத்தலுக்குள் கொட்டினேன். காலையும் மாலையும் ஒன்றை உரலில் இடித்து, தேனில் குழைத்து, அப்பாவுக்கு ஊட்டினேன். அரை வைத்தியன் என்ற நினைப்பு எனக்கு.

அந்தக் கிழமையே அப்பா இரண்டு முறை மயங்கி விழுந்தார். இரண்டாம் முறை நெற்றி பிளந்தது. மட்டக்களப்பிலிருந்து ஓடி வந்த அக்கா, வார்ட்டில் எல்லாருக்கும் முன்னால் என் மனைவியைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பாவைப் பட்டினி போட்டு விழுத்திப் போட்டாயே?" மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். வார்ட்டுக்கு மருந்து பார்க்க வந்த பரீதா மிஸ் மட்டும், "எப்படிக் குடுக்கிறீங்க?" என்று கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன். அவர் முகம் மாறியது. என்னை விறாந்தைக்குக் கூட்டிப்போனார்.

"சேர், அது மெல்ல மெல்லக் கரையிற குளிசை. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு இழுத்து வேலை செய்யவேண்டிய மருந்தை ஒரே வாயில இறக்கியிருக்கிறீங்க. பிரஷர் சடாரெண்டு விழும். ஆளும் விழும்."

"அப்ப நான்தான் அப்பாவை..."

"இப்ப தெரிஞ்சிட்டுத்தானே. டொக்டரிட்ட நான் சொல்லிறன், மருந்தை மாத்துவாங்க. வீட்டில நீங்க சொல்லுங்க."

மருந்து மாறியது. அப்பா அதன்பிறகு மூன்று வருடம் இருந்தார், ஒருமுறைகூட விழவில்லை. அடுத்த மாதம் ஜன்னலில் மிஸ் கேட்டார்: "வீட்டில சொல்லிட்டீங்களா?"

"ஓம் மிஸ்" என்றேன். பொய். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். குளிசைகளை எண்ணித் தந்தார். பிறகு கேட்கவே இல்லை. ஊர்க்கதை அத்தனையையும் காவித் திரிகிற இந்த வாய், அந்த ஒன்றை மட்டும் பொத்தி வைத்துக்கொண்டது. அக்கா இன்றுவரை எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை.

அன்று பாலம் தாண்டிப் போன மையித்து வீட்டில், வெளி ஆண்களுக்கு இறந்த பெண்ணின் முகம் காட்டுவதில்லை; முற்றத்தில் இருந்தேன். அவருடைய கணவர் கதிரை இழுத்துப் பக்கத்தில் அமர்ந்தார். "உங்களைப் பத்தி அவ சொல்லியிருக்கிறா" என்றார்.

"என்ன சொன்னவ?"

"தகப்பனுக்கு ஒவ்வொரு குளிசையும் தன்ட கையாலயே குடுத்த மகன் எண்டு."

"வேற?"

"வேற என்ன இருக்கு சேர்?"

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர்தான் என் முதுகைத் தடவினார், மனைவியை இழந்த மனுசன்.

ஒருவன் விட்ட பிழையை அவனிடமே சொல்லிவிட்டு, மற்றவர்களிடம் அவனுடைய நல்லதை மட்டும் சொல்லலாம் என்பதுதான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்வது. எனக்கு அது இலேசில் வராது. ஆனால் என் பிழையை ஒப்புக்கொள்வதையாவது இன்று செய்யலாம்.

மையித்து வீட்டிலிருந்து வந்த அன்று பின்னேரமே குசினிக்குள் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "அக்காவுக்கும் சொல்லுங்கோ" என்றாள். தொலைபேசியை எடுத்தேன், வாய் எழவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அக்கா, அப்பாவை விழுத்தினது நான். இவளைக் கூப்பிட்டு ஒரு சொல் கதையுங்கோ.