ஐந்தடி மிச்சம்

கன்சா பள்ளத்தாக்கில் எங்கள் ஊர்க்காரர்களிடம் தெண்டுக் ஷெர்பாவைப் பற்றிக் கேட்டால், ஆறு முறை காஞ்சன்ஜங்கா ஏறியும் உச்சியை மிதிக்காத மனுஷன் என்றுதான் முதலில் சொல்வார்கள். உச்சி சாமியின் தலை. 1955-இல் முதன்முதலாக ஏறிய வெள்ளைக்காரர்களே, கொடுத்த வாக்குப்படி சில அடி கீழே நின்று திரும்பினார்கள். தெண்டுக்கும் தான் கூட்டிப்போகிறவர்களை ஐந்தடி கீழேயே நிறுத்திவிடுவார். அடம்பிடித்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிடுவார்.

அதனால்தான் இந்த ஆண்டு மலைப் பூசையில் தூபத்தட்டு ஏந்துவது அவர் என்று ஊர் முடிவு செய்தது. அவரும் தலையாட்டினார். அப்போதே மறுத்திருக்கலாம்.

பூசைக்கு இரண்டு நாள் முன்பு, மே மாதம் அவரோடு ஏறிய ஜெர்மன்காரர் அனுப்பிய படம் சட்டம் போட்டு வந்து சேர்ந்தது. நீளக் கொடியை விரித்துப் பிடித்தபடி அண்ணாந்து சிரிக்கிறார் அந்த ஜெர்மன்காரர்.

தெண்டுக்கின் மைத்துனன் ஊகென், யாக் மாடு மேய்ப்பவன், படத்தை வாங்கிப் பார்த்தான். "பல்லுகூடத் தெளிவா விழுந்திருக்கே! நீங்க எடுத்ததா மாமா?"

"பின்ன? ரெண்டாவது முகாம்லயே வாந்தியெடுத்து இறங்குனவனா எடுத்தான்?"

பத்து வருஷமாக அவனைச் செய்கிற கேலிதான். ஊகெனும் வழக்கம்போலச் சிரித்தான்.

மனைவி யாங்ஜி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து படத்தை வாங்கினாள்.

"இவரு அஞ்சடி கீழ நிக்கிறாரு, சரி. மேல பாத்துல்ல சிரிக்கிறாரு? நீங்க எங்க நின்னீங்க?"

ஊகென் யாக்கைப் பார்க்கணும் என்று எழுந்து போய்விட்டான்.

"கொடி முழுசா விழணும்னான். கொஞ்சம் பின்னால, இன்னும் கொஞ்சம்னு…"

"உங்களுக்குப் பின்னாலதான் உச்சி."

"குதிகால் பட்டப்புறம்தான் தெரிஞ்சுது."

"ஒடனே இறங்கிட்டீங்களா?"

தெண்டுக் அடுப்பைப் பார்த்தார். "படத்த எடுத்துட்டுத்தான் இறங்கினேன்."

யாங்ஜி திட்டவில்லை. படத்தைச் சாக்கில் சுற்றி உருளைக்கிழங்குக் குவியலுக்குப் பின்னால் வைத்தாள். "இத மனசுல வச்சுக்கிட்டா தட்டுக்குத் தலையாட்டுனீங்க?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பூசையன்று கோம்பா மடத்து வாசலில் லாமா அவர் பெயரைக் கூப்பிட்டார். தெண்டுக் எழுந்தார்.

"என் கால் பட்டிருச்சு. நான் தட்ட ஏந்தக்கூடாது."

முன்வரிசையில் மலையேறுகிறவர்கள் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். "அப்ப வேற யாரு?" என்றார் லாமா. ஒருவரும் எழவில்லை. தட்டில் தழை புகைந்துகொண்டே இருந்தது.

யாங்ஜி தம்பியின் விலாவில் இடித்தாள். "எழுந்திருடா."

"நானா? நான் வாந்தியெடுத்தவன்க்கா."

"அதான் சொல்றேன். போய் வாங்கு."

யாரும் சிரிக்கவில்லை. ஊகென் கையை அங்கியில் துடைத்துக்கொண்டு போய்த் தட்டை வாங்கி, மலை இருக்கும் பக்கம் திரும்பினான்.

தெண்டுக் கடைசி வரிசைக்குப் போனார். அந்த ஏழு பேரும் அதற்குள் அங்கே வந்திருந்தார்கள். நெருங்கி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள்.