அண்ணன் ஒட்டுக்கேட்காத பேச்சு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், வீடு தேடி வந்து, பந்தியில் உட்கார்ந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று அண்ணன் மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அச்சகத்துக்காரர் அவனுக்கு மச்சான் முறை, கொஞ்சம் கூடினாலும் பொறுத்துக்கொள்வார். அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் அறியாத ஒன்றைத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணன் பிறந்தது காடாம்புலியூரில், முந்திரித் தோப்பை ஒட்டிய வீட்டில். அப்பா கொட்டை பொறுக்கவும் பலா இறக்கவும் கூலிக்குப் போவார். அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஏழு வயது இருக்கும்போது அம்மா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார்கள். அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்றே எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. விபூதி போட்டார்கள், மந்திரித்தார்கள், பண்ருட்டிக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் தொண்டையைக் காட்டினார்கள். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார் அவர். பிடிவாதம் என்றார்கள் சொந்தக்காரர்கள் சிலர். அவர்களில் இரண்டு பேர் இதையும் படிப்பார்கள். அது பிடிவாதம் இல்லை. வாயைத் திறந்தால் அம்மா இல்லை என்பது உறுதியாகிவிடும் என்று எனக்குள் ஒரு பயம். அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. பிள்ளைக்கு வாய் திறந்தால் ஒரு கிடா வெட்டுகிறேன் என்று ஏரிக்கரை முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் எங்கிருந்தோ ஒரு கிடாக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஈன்றபோதே தாய் செத்துப்போன குட்டி. நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்ததால் சுட்டி என்று பெயர் வைத்தார். அதை என் மடியில் வைத்துவிட்டு, பால் புட்டியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதன் நெஞ்சு என் வயிற்றின் மேல் படபடவென்று அடித்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. என்னைப் போலவே பயந்துபோன ஒரு உயிர் இந்த வீட்டில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்து அழாதே என்றார்கள், பேசு என்றார்கள். சுட்டி இரண்டையும் சொல்லவில்லை. நான் தோப்புக்குள் அதைக் கூட்டிப் போய், அதன் காதருகே மெதுவாக அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அது தழையை மென்றுகொண்டே கேட்டது.

ஒரு நாள் அண்ணன் முந்திரி மரத்துக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுவிட்டார். சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு. பதின்மூன்று வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும் என்று எனக்கு இப்போது தெரிகிறது, அவருக்குத்தான் கடைசிவரை தெரியவில்லை. அப்பா பூசாரியிடம் போய் வேண்டுதல் பலித்துவிட்டது என்றார். எந்தக் கிடாவால் வாய் திறந்ததோ அந்தக் கிடாதான் சாமிக்குச் சொந்தம் என்று பூசாரி சொல்லிவிட்டார். அப்பா கொடுமைக்காரர் இல்லை. சாமியின் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டால் எனக்கு மறுபடியும் பேச்சு போய்விடும் என்று நடுங்கினார். அவர் எடுத்த முடிவு முழுக்க என் மேல் இருந்த பாசத்தால் எடுத்த முடிவு.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் ஆடு உடம்பை உதற வேண்டும், துலுக்க வேண்டும். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் வெட்டமாட்டார்கள். வேண்டுதல் செலுத்திய நாளில், ஏரிக்கரையில், சுட்டியின் கயிறு அண்ணன் கையில் இருந்தது. மூன்று முறை தண்ணீர் தெளித்தும் சுட்டி அசையாமல் நின்றது. என்ன நடக்கப் போகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சுட்டி என்று கத்திக் கூப்பிட்டேன். அத்தனை ஜனத்துக்கு முன்னால் நான் பேசிய முதல் வார்த்தை அது. என் குரல் கேட்ட சுட்டி தலையைத் திருப்பி, உடம்பு முழுக்க உதறியது. ஜனங்கள் குலவை போட்டார்கள்.

அன்று மத்தியானம் என் இலையில் வைத்ததை அண்ணன் எடுத்துக்கொண்டு போய்த் தோப்பில் புதைத்தார். அதன் பிறகு அவர் அசைவம் தொட்டதில்லை. எனக்குப் பேச்சு வந்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லும் பேச்சு வந்தது, உண்மைதான். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மட்டும் வரவில்லை. கடலூர் முதுநகரில் வாக்கப்பட்டு, இரண்டு பிள்ளை பெற்று வளர்த்தும், அவர்களைத் தூரத்திலிருந்து ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. கிட்டே போய்த் தோளைத் தொடுவேன். வாயில் வைரம் வைத்திருக்கிறாள் என்று மாமியார் வீட்டில் கேலி செய்வார்கள்.

அண்ணன் கஷ்டப்பட்டுப் படித்தார். புவனகிரியில் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது, அண்ணியைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்தில் வீடு போட்டார். அந்த வீட்டுக் கொல்லையை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஆடுகள், வாத்துகள், மூன்று கால் நாய் ஒன்று, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன முயல்கள். ஒன்றைக்கூட விற்றதில்லை. எல்லாம் வயதாகித்தான் சாகும். பேசாத பிள்ளை, தூங்காத பிள்ளை, பள்ளிக்கூடத்தில் மற்றவர்களைக் கடித்து வைக்கும் பிள்ளை என்று பல தெருக்களிலிருந்தும் கூட்டி வருவார்கள். அண்ணன் அந்தப் பிள்ளையிடம் ஒரு கட்டு அகத்திக்கீரையைக் கொடுத்து ஆட்டைக் காட்டுவார், அவ்வளவுதான். கூட வந்த பெரியவர்களை எழுப்பி வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவார். பிள்ளை ஆட்டோடு இருக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது, கேட்கக் கூடாது, பிறகு என்ன பேசினாய் என்று விசாரிக்கவும் கூடாது. ஒரு தாய் கோபப்பட்டு, என் பிள்ளை பேசறத நான் கேக்கக் கூடாதா என்று கேட்டபோது, "ஒரு தடவ நான் கேட்டேம்மா. அதுவே போதும்" என்றார். அண்ணி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

துபாயில் இறந்து பெட்டியில் வந்த ஒருவரின் மகள், ஐந்து வயது, அப்பாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று கூட்டி வந்தார்கள். மாதக்கணக்கில் வந்து போனாள். ஒரு நாள் அவள் போன பிறகு பார்த்தால் ஆட்டின் கழுத்து நனைந்திருந்தது. அண்ணன் அதைத் துடைக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. அன்று எதேச்சையாக அங்கே இருந்ததால் நான் பார்த்தேன். லீவு நாட்களில் நாலைந்து பிள்ளைகளைப் பிச்சாவரத்துக்குப் படகில் கூட்டிப் போவார். சுரபுன்னை மரங்களுக்கு நடுவே யாரும் பேசாமல் நண்டு பார்த்துக்கொண்டு வருவார்கள். திரும்பி வரும்போது பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு வரும், அதைக் கேட்டு அண்ணன் சிரிப்பார்.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் கொல்லையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார், நான் கால் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சொன்னார்.

"பாப்பா, அன்னிக்கு நீ கூப்ட்டதுக்கு சுட்டி துலுக்கல. பூசாரி கண்ணக் காட்டுனாரு. நான்தான் அது காதுல ஊதுனேன்."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ எங்கிட்ட பேசாம போயிடுவியோன்னு பயம்."

இது உண்மையா, என்னை விடுவிப்பதற்காகச் சொன்ன பொய்யா, எனக்குத் தெரியாது. நான் கூப்பிட்டேன், அது துலுக்கியது; என் கண்ணில் நிற்பது அதுதான். அண்ணன் முகம் அப்போது எங்கே இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நான் சுட்டியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் காலையில் அவருக்கு நினைவில்லை. கண் பாதி மூடிக் கிடந்தார். அண்ணி என் கையைப் பிடித்து, "நீ கூப்புடு. ஒங்கொரலுக்குத் திரும்புவாரு" என்றார். கூப்பிட்டால் போய்விடுவார் என்று தோன்றியது. கூப்பிடாவிட்டாலும் போய்விடுவார் என்பதும் தெரிந்தது. அண்ணா என்று கூப்பிட்டேன். தெரு வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். உச்சி வேளைக்கு மூச்சு நின்றது. அந்தத் தலைத் திருப்பம் கனவில் வருகிறது, சில நாள் அண்ணன் முகத்தோடு, சில நாள் நெற்றிப் பொட்டோடு. எழுந்து உட்கார்ந்து, காதில் ஊதியது அவர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணனைக் கடைசிவரை வந்து பார்த்த மருத்துவருக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், ஈமக்காரியங்களைத் தோள் கொடுத்து நடத்திய மாமா மச்சான்மார்களுக்கும், ஆடுகளுக்கு இன்றுவரை தழை வெட்டிப் போடும் மருந்தகத்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். கொல்லைக் கதவு பூட்டப்படவில்லை. பிள்ளைகளை அனுப்புங்கள், கீரை அண்ணி கொடுப்பார். அண்ணன் போட்ட சட்டம் மட்டும் மாறாது.

சென்ற மாதம் நானும் ஒரு கட்டுக் கீரையோடு கொல்லைக்குப் போனேன். அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டார். கிழட்டு ஆடு ஒன்று வந்து என் மடியில் தலையை வைத்தது. அதன் காதருகே குனிந்து வெகுநேரம் பேசினேன். என்ன பேசினேன் என்று நீங்களும் கேட்க வேண்டாம்.