கழுத்தில் தொங்கிய வைஃபை

நான் கேபிள்காரன். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பல்கலைக்கழகத்தின் சுவர்களைத் துளைத்துக் கம்பி இழுக்கிறவன். காற்றில் வருவது காற்றோடு போய்விடும் என்பது என் கட்சி. அப்படிப்பட்ட என் மேசைக்கு நேர் எதிரில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள் பாருங்கள், வைஃபை அக்காவை!

அது மாணவர்கள் வைத்த பெயர். எனக்கு அவள் தங்கை முறை. வேலையில் சேர்ந்த அன்றே “அண்ணே, ஒரு பிளக் பாயிண்ட் வேணும்” என்று கேட்டு, முறையை அவளே முடிவு செய்துவிட்டாள். கணினி மையத்தின் உதவி மேசை அவள் பொறுப்பு. கூரையில் வெள்ளைப் பெட்டிகளை எங்கே மாட்டலாம் என்று பார்ப்பாள். சிக்னல் எட்டாத மூலைகளைத் தேடிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாழ்வாரம் தாழ்வாரமாக நடப்பாள். நூலக மூன்றாம் மாடியில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நெட் வரும், எதில் தூக்கம் மட்டும் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. “வீட்டுல சோபாவ நாலு தடவ நகர்த்திட்டா சார். சிக்னல் நல்லா வருது, டிவிதான் தெரியல” என்று அவள் புருஷன் ஒருமுறை என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

எல்லாம் சரி, ஏழு வருடமாக அவள் தற்காலிக ஊழியர். அது ஒன்றுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எங்கள் பழைய வைஃபை திறந்து கிடக்கும் வீடு மாதிரி. யார் வேண்டுமானாலும் நுழையலாம். அதை மூடிவிட்டு, அவரவர் பணி எண்ணும் பாஸ்வேர்டும் கேட்கிற பத்திரமான புது வைஃபை வருவதாக முடிவானது. பதிவாளர் அவளைக் கூப்பிட்டார். நானும் போனேன், என்னை யாரும் கூப்பிடவில்லை.

“ஊழியர் நானூத்திப் பன்னெண்டு பேரும் மாசக் கடைசி வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள புதுசுக்கு மாறிடணும்மா. மாறிட்டாங்கன்னா உங்கள நிரந்தரமாக்குற கோப்புல அன்னைக்கே கையெழுத்துப் போடறேன். ஒருத்தர் குறைஞ்சாலும் இந்த வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடச் சொல்லி உத்தரவு. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல.”

அவள் தலையாட்டிவிட்டு வந்து அறுநூறு போஸ்டர் அடித்தாள். நடுவில் ஒரு க்யூஆர் கட்டம். மேலே, ‘ஒரே ஒரு தடவை ஸ்கேன் பண்ணுங்கள், அப்புறம் என்னை மறந்துவிடுங்கள்.’ கீழே, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக நாலு வரி. பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் அலைந்தவன் யார்? நான்தான்!

முதல் நாள் புதுசுக்கு மாறியவர்கள் பூஜ்யம். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் தாவரவியல் பேராசிரியர் ஒரு போஸ்டரைக் கிழித்துக் கையோடு கொண்டுவந்தார்.

“என்னம்மா இது? சுத்துது சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. ஒண்ணும் தொறக்கல!”

பார்த்தால், அந்தக் கட்டம் போய்ச் சேர்கிற பக்கம் எங்கள் உள் நெட்வொர்க்கில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மட்டுமே திறக்கும்; பழைய வைஃபைக்குத் திறக்காது. அவள் சோதித்துப் பார்த்தது தன் மேசையிலிருந்து. அதில் இருப்பது நான் போட்ட கேபிள், நேராக உள்ளே போகும். கண்ணிமைப்பதற்குள் திறந்திருக்கிறது, இவளும் அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

“அண்ணே, வைஃபை போடறதுக்கு வைஃபை வேணும்னு ஊரெல்லாம் ஒட்டி வச்சிருக்கேனே!”

நான் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தேன். பாவி, வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்தை வெளியிலும் திறக்கும்படி செய்ய மூன்று அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும். அவை வந்து சேருவதற்குள் அந்த வெள்ளிக்கிழமை வந்து போய்விடும். ஆனால் இவள் சும்மா உட்காருகிற ஆளா? தேவையான கோப்பைத் தன் போனில் ஏற்றினாள். போனையே ஹாட்ஸ்பாட் ஆக்கினாள். அடையாள அட்டை தொங்குகிற கழுத்திலேயே அதையும் ஒரு கயிற்றில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் போதும், கோப்பு இறங்கிவிடும். வாசல் காவலாளி, விடுதிச் சமையல்காரர், ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற அம்மா என்று ஒருவரையும் விடவில்லை. பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று யாராவது சொன்னால் தொலைந்தார்கள்.

“சோத்த வாயில வைக்க மட்டும் மறக்கறதில்லையே! இதுக்கு மட்டும் என்ன மறதி?” என்று திட்டிக்கொண்டேதான் புதுசு மாற்றிக் கொடுப்பாள்.

நானும் அவளிடம் போனை நீட்டினேன், யாரும் இல்லாத நேரம் பார்த்து. “வெளிய சொல்லிடாத தங்கச்சி, கேபிள்காரன் மானம் போயிடும்.” அவளும் சொல்லவில்லை. அதனால் வளாகம் முழுக்க ஒரே பேச்சு, அந்த முசுடு மட்டும் கடைசி வரைக்கும் மாறாது என்று.

வெள்ளிக்கிழமை நாலரை மணி. திரையில் நானூற்றுப் பதினொன்று. ஒரு ஆள் குறைகிறது. பெயர் இல்லை, ‘த 17’ என்று எண் மட்டும் நிற்கிறது. நிரந்தர ஊழியர் பட்டியலைப் புரட்டினோம், அதில் அப்படி ஒரு எண்ணே இல்லை. துறை துறையாகப் போன் போட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். கழுத்தில் போனும் அட்டையும் மாறி மாறி ஆடின. நாலே முக்காலுக்குப் போன் ஒரு பக்கம் ஒதுங்கி, அட்டை முழுசாகத் தெரிந்தது.

“ஏம்மா, நில்லு! அந்த அட்டைய எடுத்துப் படி.”

படித்தாள். த 17. ‘த’ என்றால் தற்காலிகம்.

“ஐயோ அண்ணே, நான்தானா அது!”

வேறு யார்? மேசையில் என் கேபிள், அதனால் வைஃபை தேவைப்படவில்லை. புது வைஃபையைச் சோதிக்க வேண்டியபோதெல்லாம் சோதனைக்கென்று உள்ள கணக்கு. போனோ காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊருக்கு ஹாட்ஸ்பாட். ஊரையே உள்ளே தள்ளிவிட்டு மகராசி வாசலிலேயே நின்றிருக்கிறாள்.

“சரி, பாஸ்வேர்டப் போடு.”

அவள் என்னைப் பார்த்தாள். மறந்துபோயிருக்கிறாள். சேர்ந்த புதிதில் கொடுத்தது, ஒருநாளும் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை.

“சோத்த வாயில வைக்க மறந்தியா?” என்று கேட்டேன். விடுவேனா!

தன் பாஸ்வேர்டைத் தானே மாற்றிக்கொண்டாள். ஹாட்ஸ்பாட்டை அணைத்தாள். பதற்றத்தில் எந்த இடத்தில் எதை அழுத்துவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. சுவரில் இருந்த போஸ்டரைப் பிய்த்து எடுத்து நாலு வரியையும் நான் சத்தமாகப் படித்தேன். அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். மணி நாலு ஐம்பத்தாறு. திரையில் நானூற்றுப் பன்னிரண்டு.

சரியாக ஐந்துக்குப் பதிவாளர் கோப்போடு வந்தார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தார். “அடேயப்பா! மூணு மணிக்கு ஒண்ணு குறைஞ்சுதே. யாருப்பா அது, கடைசி நிமிஷம் வரைக்கும் இழுத்தடிச்ச ஆளு?”

அவள் வாயைத் திறந்தாள். நான் அவள் காலை ஒரு மிதி மிதித்தேன்.

“நான்தான் சார்.”

“நெனச்சேன்” என்று முறைத்துவிட்டு, என் மேசையிலேயே கோப்பை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகு அவள் அழுதாள், சிரித்தாள், மிதிபட்ட காலைத் தடவிக்கொண்டாள். 

“அண்ணே, என் மேசையிலேர்ந்து உங்க கேபிளக் கழட்டிடுங்க. இனிமே வேணாம்.”

இருபத்திரண்டு வருடத்தில் இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். மறுபேச்சுப் பேசாமல் மேசைக்கு அடியில் குனிந்து கழற்றினேன்.