வந்த வரிசையில்

அந்தப் பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவளை மாணவிகள் பாட்டிலக்கா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பாட்டில்களைக் கழுவுவதும் நிரப்புவதும் பூட்டி வைப்பதும்தான் அவள் வேலை. பூட்டிய அலமாரியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். பிறகு கேஸ் குழாய்களின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவாள்.

"பூட்டுக்கே ஒரு பூட்டு போடறவ இவ" என்பான் அவள் புருஷன். அவன் பஸ் ஓட்டுகிறவன். எத்தனை பேர் தொங்கினாலும் விசிலடித்துக்கொண்டே ஓட்டுவான். இப்படிப்பட்டவனுக்குத் தான் எப்படி வாய்த்தோம் என்று அவளே சில சமயம் யோசித்ததுண்டு.

சிறுமியாக இருந்தபோது அவளும் அந்தப் பள்ளியின் நுழைவுத்தேர்வை எழுதியவள். முதல் பக்கத்திலேயே கை வியர்த்து மை கரைந்துவிட்டது. கரைந்த இடத்தைத் துடைக்கப் போய் இன்னும் பெரிதாயிற்று. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் முடிந்தது. இடம் கிடைக்கவில்லை. பல வருஷம் கழித்து, வேலையாட்கள் வரும் பக்கவாசல் வழியாக உள்ளே வந்தாள். முன்வாசல் படிகளில் அவள் இன்றுவரை கால் வைத்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. அவளாகவே வைப்பதில்லை.

அவள் மகளுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஊரிலுள்ள பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் எழுதினாலும் ஒரு வகுப்பை நிரப்புமளவுக்கே எடுப்பார்கள். முடிவு வந்த அன்று அலுவலக கிளார்க் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "வீட்டுக்குள்ளயே ஆள் இருக்கறப்போ கதவத் தட்டணுமா என்ன?" சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து மகளிடம், "பள்ளிக்கூடத்துல என்ன அம்மான்னு கூப்பிடாத" என்றாள்.

"பின்ன எப்படிக் கூப்பிடறது?"

"மத்தவங்க கூப்பிடற மாதிரி."

அதன்பிறகு ஆய்வகத்துக்குள் மகளும் அவளைப் பாட்டிலக்கா என்றே கூப்பிட்டாள். முதல் தடவை கூப்பிட்டபோது இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். பழகிவிட்டது.

அந்தப் பள்ளியில் தேர்வுக்குக் கண்காணிப்பு கிடையாது. டீச்சர் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். முடிந்ததும் ஒவ்வொரு பெண்ணாக எழுந்து ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். "எனக்கு வந்தது இது. செய்தது நான்." அவ்வளவுதான். சொல்ல முடியாதவள் உட்கார்ந்தே இருக்கலாம். உட்கார்ந்தவளை யாரும் திட்டமாட்டார்கள், ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். மாடியில் தலைமையாசிரியை அறைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். போன வருஷம் பக்கத்துப் பெண்ணின் வரைபடம் கண்ணில் பட்டுவிட்டதென்று ஒருத்தி உட்கார்ந்தே இருந்தாள். கெட்டிக்காரப் பெண். அடுத்த வாரம் அவளுடைய ஆய்வகக் கோட்டு மாட்டும் கொக்கி வெறுமையாக இருந்தது. பாட்டிலக்கா அந்தக் கொக்கியைத் தினமும் துடைக்கிறாள்.

செய்முறைத் தேர்வில் பாட்டிலக்காவுக்கும் ஒரு வாக்கியம் உண்டு. உப்புகளைப் பொடித்து, ஒரே மாதிரி பாட்டில்களில் நிரப்பி, வெள்ளைத்தாள் சுற்றித் தட்டில் அடுக்குகிறவள் அவள்தான். எதற்குள் எது இருக்கிறதென்று டீச்சருக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். பெண்கள் வாசலில் சீட்டு எடுத்து, விழுந்த இடத்தில் உட்காருவார்கள். அவள் தட்டோடு வரிசையாக நடந்து பாட்டிலை வைத்துக்கொண்டே போவாள். கடைசியில், எல்லாப் பெண்களும் சொல்லி முடித்த பிறகு, "வந்த வரிசையில் கொடுத்தேன்" என்பாள். ஒவ்வொரு வருஷமும் அதைச் சொல்லும்போது அவள் குரல் கம்மும். தப்பு எதுவும் செய்ததில்லை. இருந்தும் கம்மும்.

இந்த வருஷம் மகள் அந்த வகுப்பில் இருந்தாள். பாட்டிலக்கா கெமிஸ்ட்ரி டீச்சரிடம் போய் நின்றாள்.

"டீச்சர், இந்த வாட்டி வேற யாரையாவது வெச்சுக்கறீங்களா?"

"ஏன்க்கா?"

"என் பொண்ணு இருக்கா."

"அதனால என்ன?" டீச்சருக்கு நிஜமாகவே புரியவில்லை. அந்தப் பள்ளியிலேயே படித்து அங்கேயே டீச்சரானவர். "நீங்க சொல்லுவீங்களா அவகிட்ட?"

"ஐயோ, மாட்டேன்."

"அவ கேப்பாளா?"

"கேக்கமாட்டா."

"அப்புறம் என்னக்கா? போங்க, போய் உப்பு பொடிங்க."

தேர்வுக்கு முந்தின நாள் கதவைச் சாத்திக்கொண்டு பொடித்தாள். கடைசியாக ஒரு சல்ஃபைடு. ஈரம் பட்டால், அமிலம் பட்டால், அழுகிய முட்டை நாற்றம் வரும். டீச்சர் ஒரே ஒரு பாட்டில் போதும் என்றிருந்தார். பொடிக்கிற கல்வத்தில் எங்கோ ஈரம் இருந்திருக்கிறது. நாற்றம் அவள் கோட்டில் ஏறிவிட்டது. கோட்டை வழக்கம்போல் கொக்கியில் மாட்டிவிட்டு வந்திருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் காலையில் பெண்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள், எவளாவது மோந்து கண்டுபிடித்துவிட்டால் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியபின் விடவில்லை. கோட்டைச் சுருட்டிப் பையில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள், அலசிப் போடலாமென்று.

வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது மகள் டிபன் பாக்ஸை எடுக்கப் பையைத் திறந்தாள்.

"அம்மா, என்ன இது இப்படி நாறு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். பாட்டிலக்கா திரும்பிப் பார்க்கவில்லை. தீக்குச்சி விரல்வரை எரிந்து வந்தது.

அந்த நேரம் பார்த்துப் புருஷன் உள்ளே வந்தான். மூக்கை உறிஞ்சினான். "யாரு வீட்ல முட்டைய ஒளிச்சு வெச்சது? குட்டி, நீயா? அடைகாக்கறியா?"

யாரும் சிரிக்கவில்லை. "சரி சரி, கோழியும் பேசல, குஞ்சும் பேசல" என்று அவன் குளிக்கப் போய்விட்டான்.

மகள் பையை மூடினாள். மூடின பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் வேணும்னு மோந்து பாக்கலம்மா."

"தெரியும்."

"ஆனா மோந்துட்டேன்."

"அது ஒண்ணுமில்ல. கேஸ் குழாயத் தொறந்தா வர்ற நாத்தம்."

"அம்மா."

பொய் சொல்ல அவளுக்கு வராது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எவ்வளவு பாட்டில் இருக்கு. அது உனக்குத்தான் வரும்னு என்ன? பேசாம சாப்பிட்டுத் தூங்கு."

"வராட்டி ஒண்ணுமில்ல. வந்தா நான் எழுந்திரிக்கமாட்டேன்."

"என்னடி சொல்ற?"

"உக்காந்தே இருப்பேன். 'செய்தது நான்'னு எப்படிச் சொல்றது? செஞ்சது உன் கோட்டுதானே?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். பாட்டிலக்காவுக்கு வெறுமையான கொக்கி ஞாபகம் வந்தது. கிளார்க்கின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அம்மாவும் மகளும் சேர்ந்து செய்தார்கள் என்பான். இடம் கிடைத்ததே அப்படித்தான் என்பான். மகள் கோட்டை எடுத்துப்போய்த் தானே அலசினாள். நாற்றம் போய்விட்டது.

மறுநாள் பெண்கள் சீட்டு எடுத்து உட்கார்ந்தார்கள். மகளுக்கு நடுவரிசையில் இடம் விழுந்திருந்தது. அவளுக்குப் பின்னால் தோலுரிச்சான். அவள் எதற்கெடுத்தாலும் விரல்தோலைப் பிய்ப்பாள். அதனால் அந்தப் பெயர். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

பாட்டிலக்கா தட்டை எடுத்தாள். அடுக்கும்போதே அந்தப் பாட்டில் எங்கே இருக்கிறதென்று பார்த்துவைக்கக்கூடாது என்று நினைத்திருந்தாள். கண் எதிரேயிருப்பதைப் பார்க்காமலிருக்க முடியவில்லை. அதன் மூடியை மட்டும் அவள் பஞ்சு வைத்து இறுக்கியிருந்தாள், தாள் அங்கே கொஞ்சம் புடைத்திருந்தது. முதல் வரிசையில் வைத்துக்கொண்டே போனாள். தட்டில் அது நெருங்கி வந்தது. நடுவரிசையில் திரும்பினாள். எத்தனை மேசை, எத்தனை பாட்டில் என்று மனசு தானாகவே எண்ணிப் பார்த்தது. எண்ணியது தப்பாக இருக்கவேண்டுமென்று வேண்டிக்கொண்டாள்.

மகளின் மேசைக்கு வந்தபோது அவள் கை புடைத்த மூடியின்மேல் இருந்தது.

மகள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்து வைத்தது. பாட்டிலக்கா நகர்ந்தாள். தோலுரிச்சானின் மேசையில் புடைத்த மூடியை வைத்தாள். தட்டு மேசையில் இடித்துச் சத்தம் போட்டது. டீச்சர் திரும்பவில்லை. அந்தப் பள்ளியில் யாரும் திரும்புவதில்லை.

பர்னர்கள் எரிந்தன. பாட்டிலக்கா கழுவுதொட்டியோரம் போய் நின்றுகொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். மகளுக்கு ஒன்றும் தெரியாத உப்பு கிடைத்திருக்கிறது. அவள் எழுந்து நிற்பாள், வாக்கியத்தைச் சொல்வாள், கொக்கியில் கோட்டு தொங்கும். வேறென்ன வேண்டும்? சோதனைக்குழாய்களில் வெள்ளையும் மஞ்சளுமாகப் படிந்தன. மகள் தலையைக் குனிந்து ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அப்போது பின்மேசையில் தோலுரிச்சான் அமிலம் விட்டாள். நாற்றம் எழும்பி அறை முழுக்கப் பரவியது. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஏய், காலைல என்னடி சாப்பிட்ட?" என்றாள் ஒருத்தி. தோலுரிச்சான் முகம் சிவந்து, தானும் சிரித்து, வேகவேகமாக எழுதினாள்.

மகள் சிரிக்கவில்லை. பின்னால் திரும்பித் தோலுரிச்சானின் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு தன் பாட்டிலை. அதன்பிறகு கழுவுதொட்டியை. பாட்டிலக்கா தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவிய குழாயையே மறுபடி கழுவினாள். தண்ணீர் தெறித்து முகமெல்லாம் நனைந்தது. மகள் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டதை அவள் பார்த்தாள்.

மணி அடித்தது. டீச்சர் எழுந்து இந்தப் பக்கம் திரும்பினார். முதல் வரிசைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். எனக்கு வந்தது இது, செய்தது நான். எனக்கு வந்தது இது, செய்தது நான். சிலர் கடகடவென்று, ஒருத்தி கொட்டாவியோடு. நடுவரிசை வந்தது. மகளுக்கு முன்னாலிருந்தவள் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மகள் எழவில்லை.

டீச்சர் காத்திருந்தார். அந்தப் பள்ளியில் அதிகம் காத்திருக்கமாட்டார்கள். தோலுரிச்சானைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் எழுந்து நடுங்கும் குரலில் சொன்னாள். அடுத்தவள். அடுத்தவள். மகள் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து அசையாமல் இருந்தாள். ஏன் என்று கேட்டாலும் சொல்லமாட்டாள். சொன்னால் அம்மாவைச் சொல்லவேண்டும். சொல்லாமலே மாடிப்படி ஏறிப் போய்விடுவாள். பாட்டிலக்காவுக்கு அது பட்டென்று புரிந்தது.

"அக்கா" என்றார் டீச்சர். அவள் முறை.

வாக்கியம் வாய்க்குள் தயாராக இருந்தது. எத்தனையோ வருஷமாகச் சொன்னது. அதைச் சொல்லிவிட்டால் அவள் வேலை பிழைக்கும். கை வியர்த்தது. மை கரைந்த அந்தப் பக்கம் கண்முன் வந்தது.

"கொடுக்கல" என்றாள்.

"என்னக்கா?"

"வந்த வரிசையில கொடுக்கல, டீச்சர். நாறுற பாட்டில் இவளுக்கு வர வேண்டியது. நான் தள்ளிப் பின்னாடி வெச்சேன்."

"அம்மா" என்றாள் மகள். அந்த அறைக்குள் முதல் தடவையாக.

"எதுக்குத் தள்ளினீங்க? அது சுலபமான உப்புதானே?"

"அதுதான் டீச்சர். என் கோட்டுல நாத்தம் இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். இவ மோந்துட்டா. அந்தப் பாட்டில் வந்தா எழுந்திரிக்கமாட்டேன்னு சொன்னா. எழுந்திரிக்கணுமேன்னு..." கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் முதல் தடவையாக அவளை முழுசாகப் பார்த்தார். கோபமா வியப்பா என்று தெரியவில்லை. தோலுரிச்சான் விரலை வாயில் வைத்திருந்தாள்.

மாடியில் தலைமையாசிரியை நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் குரலை உயர்த்தும் பழக்கம் இல்லை. அது பாட்டிலக்காவை இன்னும் கலக்கியது.

"உங்களுக்கு அவமேல நம்பிக்கை இல்ல" என்றார் கடைசியில்.

"இருக்கு மேடம்."

"இருந்தா தள்ளியிருக்கமாட்டீங்க. வந்தது வரட்டும்னு விட்டிருப்பீங்க. அவ உக்காந்திருப்பா, ஏன்னு என்கிட்ட வந்து சொல்லியிருப்பா. சொல்ல வந்தவள நான் எதுக்கு அனுப்பணும்?"

போன வருஷத்துப் பெண்ணை ஏன் அனுப்பினீர்கள் என்று பாட்டிலக்காவின் தொண்டைவரை வந்தது. கேட்கவில்லை. தலைமையாசிரியை அதைக் கேட்டதுபோலவே ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "சாவிய வெச்சுட்டுப் போங்க" என்றார். மகள் அந்தப் பள்ளியை முடிக்கும்வரை பாட்டிலக்கா ஆய்வகத்துக்குள் வரக்கூடாது, நூலகத்தில் வேலை. மகள் அன்றைக்கே, தனியாக, வேறொரு உப்பைச் செய்யவேண்டும். கண்டுபிடித்தால் பள்ளியில் இருக்கலாம்.

கண்டுபிடிக்காவிட்டால் என்று அவர் சொல்லவில்லை.

சாவிக்கொத்து இல்லாமல் இடுப்பு லேசாக இருந்தது. ஆய்வகக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே டீச்சரும் மகளும், பாட்டில் எடுத்துக் கொடுக்கத் தோட்டக்காரரும். டீச்சரே பொடித்திருந்தார். கல்வம் சரியாக அலசப்படவில்லை என்று பாட்டிலக்காவுக்குத் தோன்றியது. கேஸ் திருகு முழுசாக மூடியிருக்குமா என்றும் தோன்றியது. கதவிடுக்கு வழியாக மெல்ல ஏதோ வாசனை வர ஆரம்பித்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எந்த உப்பு என்று தனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் முகத்தில் வந்துவிடும், மகள் வெளியே வந்து முகத்தைப் பார்ப்பாள். வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு நடையைக் கடந்து, படியிறங்கி, மைதானத்தின் கோடியிலிருந்த குழாயடிவரை ஏறக்குறைய ஓடினாள். ஓடும்போது முன்வாசல் படிகளில் மிதித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

அங்கே நின்றாள். வெயில் சாய்ந்தது. எந்தப் பாட்டிலையும் கேட்டு வாங்காமல், வந்ததைச் செய்கிறவள் உள்ளே இருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பயம் குறையவில்லை. குறைந்தால் சரியாக இருக்குமா என்றும் பயமாக இருந்தது.

பர்னர் அணைந்திருக்க வேண்டும். ஜன்னல் திறந்தது. மைதானத்தைக் கடந்து மகளின் குரல், யாருக்கோ பாடம் ஒப்பிப்பதுபோல, தெளிவாகக் கேட்டது.

"எனக்கு வந்தது இது. செய்தது நான்."

சரியா தப்பா என்று தெரியாது. அதன்பின் தோட்டக்காரர் தடுமாறித் தடுமாறித் தன் வாக்கியத்தைச் சொன்னார். ஒரே ஒரு பாட்டிலுக்கு அந்த வாக்கியம் எதற்கென்று அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீச்சரும் சிரித்தார். கொஞ்சம் கழித்து, அந்தச் சிரிப்பிலேயே, மகளும்.

பாட்டிலக்கா அப்போதுதான் மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.