வண்டி ஓடினால்தான் வாய் ஓடும்

பார்சல் கிடங்கில் அவருக்கு ரேடியோ என்று பெயர். வேன் ஓட்டுகிறவர்கள் அங்கே எத்தனையோ பேர். ஸ்டியரிங்கில் கை வைத்ததும் வாய் தானாகத் திறந்துகொள்வது அவர் ஒருவருக்குத்தான். ஹைவேயில் ஏறுமுன் போனைத் தாங்கியில் செருகி, ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார். ராங் நம்பரே வந்தாலும் அடுத்த டோல்கேட் வரை விடமாட்டார். ஒருமுறை இன்ஷூரன்ஸ் விற்கக் கூப்பிட்ட பெண், "சார், நான் வச்சிடட்டுமா?" என்று கெஞ்சியிருக்கிறாள். இதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்கு வந்தால் அதே மனிதர் வாயில்லாப் பூச்சி. செருப்பைக் கழற்றும்போது நாக்கையும் கழற்றி வாசலில் விட்டுவிடுகிறாரோ என்று மனைவிக்குச் சந்தேகம். அவருக்கே அந்தச் சந்தேகம் உண்டு.

ஒரே மகள். வெளியூரில் வேலை. ஆபீஸ் விட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற நேரத்தில் தினமும் அப்பாவைக் கூப்பிடுவாள். அப்பா எங்காவது ஒரு ஹைவேயில் இருப்பார். மேனேஜரின் சிடுசிடுப்பு, கூடத் தங்கியிருப்பவளின் குறட்டை என்று எல்லாம் வரும். எதைச் சொன்னாலும் இவரிடம் ஒரு பழமொழி தயார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார். நடுவில் ஒரு ஹாரன் அடிப்பார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று முடிப்பார். நல்ல அப்பா என்று தன் முதுகில் தானே தட்டிக்கொள்வார்.

அந்த மகள் போன வாரம் பெட்டியோடு வந்து நின்றாள். "லீவு" என்றாள். பெட்டியைத் திறக்கவே இல்லை. அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

"என்னங்க, உங்ககிட்டதானே அவ எல்லாத்தையும் கொட்டுவா. போய்க் கேளுங்க."

போனார். அறை வாசலில் நின்றார்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்."

"சரி."

திரும்பி வந்தார்.

"கேட்டீங்களா? என்ன சொன்னா?"

"ம்னு சொன்னா."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்கும் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பெற்ற பெண் கண்ணெதிரே இளைத்துக்கொண்டு போகிறாள், தனக்கு ஒரு கேள்வி கேட்க வக்கில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுநாள் ஒரு சோபாவைத் தூரத்து ஊரில் இறக்க வேண்டியிருந்தது. "பேச்சுத் துணைக்கு வாயேம்மா" என்றார். மகள் என்ன நினைத்தாளோ, வந்து ஏறிக்கொண்டாள். ஹைவே வந்துவிட்டால் நாக்கு வந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். ஹைவே வந்தது, நாக்கு வரவில்லை. பேச வேண்டிய ஆள் தாங்கியில் இல்லாமல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் எப்படி வரும்?

"அந்த லாரி ரொம்பப் பெரிசுல்ல?" என்றார்.

"ஆமாப்பா."

கொஞ்ச தூரம் போனதும், "இதுவும் பெரிசுதான்" என்றார். சொல்லிவிட்டு, வண்டியோடு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தார்.

வழியில் வண்டிகள் நின்று போகிற ஓட்டல் ஒன்றில் நிறுத்தினார். மகள் காபி வாங்கப் போனாள். சற்று நேரத்தில் தாங்கியில் இருந்த போன் அடித்தது. அவள்தான். ஓட்டலின் கண்ணாடிக்கு உள்ளே, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரிந்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"ஹைவேலதாம்மா" என்றார். நாக்கு வந்துவிட்டது.

"வேலைய விட்டுட்டேன்ப்பா."

அதற்குப் பிறகு நிற்காமல் கொட்டினாள். "அந்த மேனேஜர் எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுத் திட்டுவாருப்பா. பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்து உக்காருவேன். சாயங்காலம் உங்ககிட்ட அதையே ஜோக் மாதிரி சொல்லுவேன். நீங்க ஒரு பழமொழி சொல்லுவீங்க. சரின்னு மறுநாளும் போவேன். இப்பவும் திரும்பிப் போன்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசியவருக்குத் தன் பெண்ணின் சிரிப்பில் இருந்த அழுகை கேட்கவில்லை. காது கொடுத்தால்தானே கேட்பதற்கு என்று நொந்துகொண்டார். சோபாக்காரர் நடுவில் கூப்பிட்டார். கட் செய்தார்.

"சொல்ல மாட்டேன்மா. நீ சொல்லு, நான் கேக்குறேன்."

அவள் பேசிக்கொண்டே வெளியே வந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளிலும் காபியோடு வந்து கதவை முழங்கையால் தள்ளி ஏறினாள். ஒரே வண்டிக்குள் இரண்டு போனும் சேர்ந்ததில் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு ஊளை. இருவரும் துள்ளினார்கள். மகள் காபியை வைத்துவிட்டு அவசரமாகப் போனை அணைத்தாள்.

போனோடு பேச்சும் அணைந்தது. போச்சு என்று நினைத்தார். பழக்க தோஷத்தில் கை சாவிக்குப் போனது. வண்டி ஓடினால் கண் ரோட்டுக்குப் போய்விடும் என்று கையை இழுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மகள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

அவள் ஒரு காபியை எடுத்து அவரிடம் நீட்டினாள். "பழமொழி ஏதும் சொல்லிடாதீங்கப்பா."

"ஒண்ணும் ஞாபகத்துக்கு வரலம்மா" என்றார். சத்தியமாக வரவில்லை.