இரண்டு சிவப்பு

கத்தியை உலையில் வைப்பதற்கு முன், அதன் சிவப்பு சரியாகத் தெரிய, அவர் விளக்கை அணைப்பார். ஜன்னலுக்குச் சாக்குத் திரை. ரேடியோவையும் நிறுத்திவிட்டு மனைவியிடம் சொல்வார்: "காது வேற பக்கம் போனா கண்ணும் கூடவே போயிடும்டி."

அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. விடுமுறை நாட்களில் கார் நிறுத்தும் அறை அவருடைய பட்டறை. கார் வெளியே காயும். கத்தி சரியாகச் சிவந்ததும் எண்ணெயில் முக்குவார். பிறகு அதன் முறுக்கு தணிய, சமையலறையில் ரொட்டி சுடும் ஓவனில் வைப்பார். அன்றைக்கு ரொட்டியெல்லாம் எண்ணெய் வாடை. சூடு பார்க்கும் கருவி ஒன்றை மகள் வாங்கி அனுப்பினாள். திருப்பி அனுப்பிவிட்டார். "எனக்குக் கண்ணு இருக்கு."

அவர் செய்த கத்திகள் விளிம்பில் பொடிந்து விழும்.

"கேரட் நறுக்கினதுக்கே கத்தி பல்லு பல்லாப் போச்சு" என்பாள் மனைவி.

"நீ எங்க நறுக்குன? கோடாலி மாதிரி போட்டிருப்ப."

போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள்; இடது கண் இன்னும் பாக்கி. அதன்பின் இன்றுதான் உலை மூட்டினார். நாளை மகள் உணவகம் திறக்கிறாள். அவளுக்கான பெரிய கத்தி எப்போதோ முடிந்து, துணி சுற்றி மேஜைமேல் இருந்தது. அதற்குத் துணையாகச் சிறியவை இரண்டு பாக்கி.

ஒன்றை உலையில் வைத்தார். அனலில் கூசிய வலது கண்ணை மூடி, இடதால் பார்த்துக் காத்திருந்தார். வழக்கமான சிவப்பு வந்தது. இடுக்கியோடு குனிந்தபோது வலது கண் திறந்துகொண்டது.

ஆரஞ்சு.

வலதை மூடினார். சிவப்பு. இடதை மூடினார். பழுத்த ஆரஞ்சு. கத்தி ஒன்றுதான். அதை வெளியே எடுத்து ஓரமாகப் போட்டார்.

நேரே சமையலறைக்குப் போய் மனைவியின் கையிலிருந்த, தான் செய்த கத்தியைப் பிடுங்கினார். அவள் பாதிக் கேரட்டோடு பின்னால் ஓடிவந்தாள். பட்டறைக்குத் திரும்பி விளக்கைப் போட்டு, கத்தியை வைஸ் பிடியில் இறுக்கி, சுத்தியலால் ஓர் அடி. பிஸ்கட் போல உடைந்தது. உடைந்த இடம் மாவு போல இருக்கவேண்டும். சர்க்கரை போலப் பருமணிகளாக மின்னியது.

"புரை ஆரஞ்ச சிவப்பாக் காட்டி, சூடு மீறிப்போயிருக்கு... எத்தனை வருஷமா..."

"அப்ப நான் கோடாலி போடல?"

அவர் மேஜைக்குப் போய்த் துணியைப் பிரித்தார்.

"ஐயோ, அது அவளுக்குங்க! நாளைக்கு என்னத்தக் குடுப்பீங்க?"

"உடைஞ்சு அவ கையில ஏறவா?"

அடித்தார். அதிலும் சர்க்கரை.

இரண்டு துண்டுகளையும் ஓரமாகத் தள்ளினார். இன்னும் சூடு காணாத கடைசிக் கத்தியை இடுக்கியில் எடுத்தார்.

"விளக்க அணை."

அணைத்தாள். இருட்டில், இடது கண்ணை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு உலைமுன் குனிந்தார்.