நசுங்கிய மூன்று கெப்பாசிட்டர்கள்

ஒன்பது வயதில், என்னால் யாரோ சாகப்போகிறார்கள் என்ற பயத்தோடு ஒரு மாதம் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் சித்தப்பாவின் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கடை. அவர் சாப்பிடப் போன ஒரு மத்தியானம், மேல்தட்டில் இருந்த அட்டைப்பெட்டியை எட்டி இழுத்தேன். உள்ளேயிருந்த கெப்பாசிட்டர்கள், ஆம்ப்ளிஃபயருக்குள் பொருத்தும் கட்டைவிரல் பருமனான அலுமினியக் குப்பிகள், சிமெண்டுத் தரையில் சிதறின. பதறிப் பின்வாங்கியதில் மூன்றை மிதித்தும்விட்டேன். நசுங்கியவற்றைப் பெட்டியின் அடியில் தள்ளி மூடிவைத்தேன்.

பத்து நாளில், சரிசெய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று சேத்தூரிலிருந்து இரைச்சலோடு திரும்பி வந்தது. அடுத்த வாரம் இன்னொன்று மீன் வாடையடித்துப் புகைந்தது. சித்தப்பா கரண்டைத் திட்டினார். நான் மிதித்தவைதான் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது எதற்குள் இருக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை மகன் கல்யாணம். மேடையோரம் பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரைக் காட்டி, "நம்ம கடையில பார்த்ததுதான்" என்று சித்தப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தாலி கட்டுவதை நான் பார்க்கவில்லை; அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மீன் வாடை அடித்தது. சைவக் கல்யாணத்தில் மீன் ஏது? என் நான்கு வயதுத் தம்பி, சூடாக இருக்கிறதென்று பெட்டிமேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தான்.

ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் விழுந்த நொடியில், பெட்டிக்குள் வேட்டுப் போட்டதுபோல் வெடித்து வெள்ளைப் புகை வந்தது. பாட்டு நின்றது.

"ஏட்டி, ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சித்தப்பா.

"நான்தான் மிதிச்சேன் சித்தப்பா. மூணு" என்று கதறினேன்.

அவர் தம்பியின் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டிக்குச் சொந்தக்காரரான மைக்செட்காரர் கோபத்தோடு என்னை நோக்கி வரவும், சித்தப்பா குறுக்கே வந்து நின்றார்.

"அவளை விடுங்கண்ணே. நசுங்கல் என் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சு, தெரிஞ்சேதான் போட்டேன். மூணையும்."

எனக்காக இத்தனை பேர் நடுவில் இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று உருகிப்போய், அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அன்று அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.